கம்பியிலேயே மறையாக்கம்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, வள்ளியூர் வட்டாரத்தில் ஆஸ்பத்திரி, கல்லூரி, வங்கி, காற்றாலை என்று நெட்வொர்க் கேபிள் இழுத்து, கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் மாட்டுவது என் தொழில். கொஞ்ச நாளாகவே "கேபிளையே என்கிரிப்ட் பண்ணுற பெட்டி" என்று சொல்லி விற்க ஆட்கள் வந்து போகிறார்கள். அவர்கள் போனதும் எனக்குப் போன் வரும். வருகிற கேள்விகளைக் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். பதில்களில் விலை இருக்காது. எந்தக் கம்பெனிப் பெட்டி நல்லது என்ற பேச்சும் இருக்காது.

கேபிளையே என்கிரிப்ட் பண்ணுறதுன்னா, கேபிளுக்குள்ள ஏதும் சிப் இருக்குமா அண்ணாச்சி?

இருக்காது. கேபிளில் இருப்பது செம்பு, இல்லாவிட்டால் கண்ணாடி இழை. வேலையெல்லாம் இரண்டு முனையிலும்தான் நடக்கிறது. ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டுக்குப் பின்னாலும், பிட்டுகளை மின் துடிப்பாகவோ ஒளியாகவோ மாற்றுகிற ஒரு சில்லு உண்டு. தொழிலில் அதை ஃபை சிப் என்போம். அதற்குள்ளேயோ அதை ஒட்டியோ ஏஇஎஸ் என்ற மறையாக்கக் கணக்கைப் போடுகிற ஒரு சர்க்யூட்டை வைத்துவிட்டால், போர்ட்டை விட்டு வெளியேறும் எல்லாமே மறைந்து போகும். மறுமுனையில் இருக்கும் சில்லு அதைப் பிரித்து உள்ளே விடும். கம்ப்யூட்டருக்கோ ஸ்கேன் மெஷினுக்கோ இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

நெட்வொர்க் வேலையைக் கீழே கம்பியிலிருந்து மேலே செயலி வரை அடுக்கடுக்காகப் பிரித்து எண் போடுவது வழக்கம். என்கிரிப்ஷனை, அதாவது மறையாக்கத்தை, இதில் பல அடுக்கில் செய்யலாம். பிரவுசரில் பூட்டுப் படம் காட்டும் டிஎல்எஸ் மேலே, செயலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. விபிஎன்களில் வரும் ஐபிசெக் மூன்றாம் அடுக்கு. ஈதர்நெட் லைனை மறைக்கும் மேக்செக் இரண்டாம் அடுக்கு. அதற்கும் கீழே, ஒளியிழையில் போகும் மொத்தப் பிட் ஓட்டத்தையும் மறைப்பதுதான் உண்மையான முதல் அடுக்கு மறையாக்கம். விற்க வருகிறவர்கள் கடைசி இரண்டையும் ஒரே பையில் போட்டு "பிசிக்கல் லேயர் என்கிரிப்ஷன்" என்று சொல்லிவிடுகிறார்கள். மேக்செக்கைப் பல இடங்களில் ஃபை சிப்பிலேயே செய்வதால் அதை முழுப்பொய் என்றும் தள்ள முடியாது. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அது கீழே வரும்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1917-ல் ஏடி அண்ட் டி நிறுவனத்தில் கில்பர்ட் வெர்னம் என்ற பொறியாளர் டெலிபிரின்டர் லைனுக்கு இதைத்தான் செய்தார். துளையிட்ட காகித நாடாவில் சாவி, அதாவது கலக்க வேண்டிய ரகசியத் துடிப்பு வரிசை, இருக்கும். அனுப்பும் எழுத்தின் துடிப்போடு நாடாவின் துடிப்பை ரிலே வழியாகக் கலந்து கம்பியில் விடுவார்கள். மறுமுனையிலும் அதே நாடா ஓடும். இன்றைய சில்லும் அதே கலப்பைத்தான் செய்கிறது, நாடா ஓடின இடத்தில் இப்போது ஏஇஎஸ் உட்கார்ந்து சாவி ஓட்டத்தைத் தயாரிக்கிறது.

எங்க சாஃப்ட்வேர் எல்லாம் ஹெச்டிடிபிஎஸ்தான். வாட்ஸ்அப்லயே என்கிரிப்ட்னு போட்டிருக்காவ. பின்ன கேபிள்ல வேற என்னத்துக்கு?

உங்கள் ஆபீசில் ஓடுவது பிரவுசரும் வாட்ஸ்அப்பும் மட்டும்தான் என்றால் வேண்டாம். துட்டை மிச்சம் பண்ணுங்கள்.

ஆனால் ஹைகிரவுண்டிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியின் ரேக்கைத் திறந்து, அந்த ஸ்விட்ச் வழியாக என்ன போகிறது என்று பாருங்கள். சிடி ஸ்கேன் மெஷின் படத்தை சர்வருக்கு அனுப்புகிறது. டைகாம் என்ற அந்த முறையை யாரும் மெனக்கெட்டு மாற்றி வைக்காவிட்டால் படம் திறந்தபடியேதான் போகும், நோயாளியின் பெயரும் வயதும் படத்தின் தலைப்பிலேயே இருக்கும். கேமராவின் வீடியோ திறந்தபடி போகும். பிரின்டருக்குப் போகும் டிஸ்சார்ஜ் சம்மரி, 9100 என்ற மென்பொருள் போர்ட்டில் அப்படியே படிக்கிற மாதிரி போகும். காற்றாலைப் பக்கம் போனால் மோட்பஸ். மெஷின்கள் தங்களுக்குள் பேச 1979-ல் வந்த மொழி அது, மறையாக்கம் என்ற எண்ணமே அதில் கிடையாது.

இந்த மெஷின்களில் மென்பொருளை மாற்ற விட மாட்டார்கள். "கை வச்சா வாரன்டி போயிரும்" என்று சர்வீஸ் ஆள் முதலிலேயே சொல்லிவிடுவார். கீழ் அடுக்கில் செய்யும் மறையாக்கம் கைகொடுப்பது இங்கேதான். மேலே என்ன மொழி ஓடுகிறது, எந்தக் காலத்து மெஷின் என்றெல்லாம் அது கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஹெச்டிடிபிஎஸ் உள்ளடக்கத்தை மறைக்கும். யார் யாரோடு, எந்த நேரத்தில், எவ்வளவு பேசினார்கள் என்பதை மறைக்காது.

கேபிளை ஒருத்தன் உண்மையிலேயே ஒட்டுக் கேக்க முடியுமா? இல்ல சும்மா பயம் காட்டுதாவளா?

முடியும். எந்தக் கேபிள், எங்கே போகிற கேபிள் என்பதைப் பொறுத்தது.

செம்பில் பழைய 100 மெகாபிட் லைன் என்றால் சுலபம். ஒரு ஜோடியில் அனுப்பும், இன்னொரு ஜோடியில் வாங்கும். ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் தனித்தனியாகத் தொட்டால் இரண்டு பக்கப் பேச்சும் கிடைத்துவிடும். கேமரா, பிரின்டர், பயோமெட்ரிக் மெஷின் எல்லாம் இன்றைக்கும் பெரும்பாலும் இந்த வேகத்தில்தான் பேசுகின்றன. கிகாபிட் லைன் வேறு மாதிரி. நாலு ஜோடியிலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும், ஒவ்வொரு முனையும் தான் அனுப்பியதைக் கழித்துவிட்டு மற்றதைக் கேட்டுக்கொள்ளும். நடுவில் கிளிப் மாட்டுகிறவனுக்கு இரண்டும் கலந்த இரைச்சல்தான் கிடைக்கும். பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஒளியிழையைத் தொடவே முடியாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் பரவலாக இருக்கிறது. அது தப்பு. ஸ்ப்ளைசிங், அதாவது இழையை ஒட்டும் வேலை பார்க்கிற பையன்களின் பையில் ஃபைபர் ஐடென்டிஃபையர் என்று கைப்பிடி அளவில் ஒரு கருவி கிடக்கும். ஜாயின்ட் பாக்ஸைத் திறந்து, இழையை அதன் வாயில் வைத்து அழுத்தினால், இழை லேசாக வளையும். வளைந்த இடத்தில் கொஞ்சம் ஒளி வெளியே கசியும். கருவி அதைப் பார்த்து "இந்த இழை உயிரோடு இருக்கிறது, வெளிச்சம் இந்தப் பக்கமாகப் போகிறது" என்று காட்டும். இழை அறுபடாது, லைனும் நிற்காது. தப்பான இழையை வெட்டிவிடக் கூடாதே என்பதற்காகச் செய்த கருவி இது. இதே வளைவில், கசியும் ஒளியை எடுக்க நல்ல உணரியும் பின்னால் சரியான கருவிகளும் வைத்தால் அதுதான் ஒட்டுக்கேட்பு. ஒற்றைமுறை இழையின் உட்கரு ஏறத்தாழ 9 மைக்ரான், வெளிக் கண்ணாடி 125 மைக்ரான். தலைமுடி அளவுக் கண்ணாடியை வளைத்தால் போதும், உடைக்கவே வேண்டாம். இழையில் எங்கே ஒளி இழப்பு என்று கோடு வரைந்து காட்டும் ஓடிடிஆர் கருவியை வைத்துக் கண்காணித்தால் அந்த வளைவில் வரும் இழப்பு கோட்டில் சின்னப் படியாகத் தெரியும். அதை உட்கார்ந்து பார்க்கிற ஆள் எத்தனை இடத்தில் இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

பெரிய ஆட்கள் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 1970களில் அமெரிக்கக் கடற்படை, ஓகோட்ஸ்க் கடலடியில் கிடந்த சோவியத் செம்புக் கேபிளை வெட்டாமல் அதன் மேல் ஒரு உருளையை மாட்டி, கசியும் சமிக்ஞையைப் பதிவு செய்தது. தங்கள் கடலுக்குள் யார் வரப்போகிறார்கள் என்ற தெம்பில் ரஷ்யர்கள் அதில் பலவற்றைத் திறந்தே பேசினார்கள். 1980-ல் ரொனால்ட் பெல்டன் என்பவர் காசுக்காகத் தகவலைச் சொன்ன பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. 2013 அக்டோபரில் இன்னொன்று வெளியானது. கூகுள், யாகூ நிறுவனங்களின் டேட்டா சென்டர்களுக்கு இடையே ஓடும் இழைகளில், அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் தகவல் எடுத்திருந்தன. வெளியே இணையத்தில் எல்லாம் பூட்டு, சொந்த இழைக்குள் மட்டும் திறப்பு. அந்தச் சமயத்தில்தான் பெரிய நிறுவனங்கள் உள் இழைகளையும் மறைக்கும் வேலையை அவசர அவசரமாக முடுக்கிவிட்டன.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் இழையை வளைத்துக்கொண்டு உட்கார மாட்டான். வெளிச்சுவரில் இருக்கும் கேமராவின் ஒயரைக் கழற்றித் தன் லேப்டாப்பில் சொருகுவான். வெயிட்டிங் ஹாலில் சும்மா கிடக்கும் சுவர்ப் போர்ட்டில் சொருகுவான். பூட்டாத ரேக் கிடைத்தால் இன்னும் சந்தோஷம். இதற்கு மருந்து 802.1எக்ஸ் என்ற போர்ட் அனுமதி முறை, ரேக்குக்கு ஒரு பூட்டு. முதலில் அதைச் செய்யுங்கள்.

ஷீல்டு கேபிள் போட்டா போதாதா?

போதாது. அது இரைச்சலையும் கசிவையும் குறைக்கும். முனையில் சொருகுகிறவனை ஒன்றும் செய்யாது.

கிகாபிட் கார்டே சிக்னலைக் கலைச்சுத்தான் அனுப்புதுன்னு எங்க சார் சொன்னாவ. அதுவே என்கிரிப்ஷன் மாதிரிதானே? (கல்லூரி மாணவர்)

சார் சொன்னது சரி. நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் தப்பு. செம்பில் ஓடும் கிகாபிட் முறையான 1000பேஸ்-டி-யில் 33 பிட் நகர்வுப் பதிவேடு (ஷிஃப்ட் ரிஜிஸ்டர்) ஒன்று போலித் தற்செயல் பிட்டுகளை உண்டாக்கி, தரவோடு கலந்துதான் அனுப்புகிறது. 10 கிகாபிட் இழையில் 58 பிட் கொண்ட இன்னொரு வகை. ஒரே பூஜ்யமாக நீளமாகப் போனால் மறுமுனை நேரத்தைத் தவறவிடும், ஒரே அலைவரிசையில் ஆற்றல் குவிந்து ரேடியோ இரைச்சல் கிளம்பும். அவற்றைத் தடுப்பதற்குத்தான் இந்தக் கலைப்பு. சூத்திரம் ஈதர்நெட்டுக்கான ஐஈஈஈ 802.3 தரநிலையிலேயே அச்சாகியிருக்கிறது. ரகசியச் சாவி எதுவும் கிடையாது. உலகத்தில் உள்ள எல்லா கார்டும் அந்தக் கலைப்பைப் பிரிக்கத் தெரிந்த கார்டுதான்.

வீட்டுக்கு ஃபைபர் போட்டாச்சு. ஒரே பெட்டியில இருந்து பக்கத்து வீட்டுக்கும் போவுது. அவங்க நம்மளதப் பாப்பாங்களா?

நல்ல கேள்வி. பெருமாள்புரத்திலோ மேலப்பாளையத்திலோ தெருமுனையில் தொங்கும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஸ்ப்ளிட்டர். ஒரு இழையின் ஒளியை 32 ஆகவோ 64 ஆகவோ பிரிக்கும் கண்ணாடித் துண்டு, மின்சாரம்கூட வேண்டாம். வீட்டு ஃபைபரில் ஓடும் ஜிபான் முறையில் உங்களுக்கு வரும் தரவு அந்த ஸ்ப்ளிட்டரில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒளியாக வந்து சேர்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் ஃபைபர் பெட்டியான ஓஎன்டி தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே போட்டுவிடும்.

இதற்காகத்தான் ஜிபான் தரநிலையில் கீழ்நோக்கி வரும் தரவுக்கு ஏஇஎஸ்-128 மறையாக்கம் வைத்திருக்கிறார்கள். அதை இயக்குவது கேபிள்காரர் கையில் இருக்கிறது. மேல்நோக்கிப் போகும் தரவுக்கு ஜிபானில் மறையாக்கம் இல்லை, ஸ்ப்ளிட்டர் அதைப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பாது என்ற நம்பிக்கையில் விட்டுவிட்டார்கள். சாவியும் அந்த மேல்நோக்கிய வழியில்தான் திறந்தபடி போகிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு எட்டாது, ஆனால் உங்கள் இழையை நடுவில் தொடுகிறவனுக்கு எட்டும். அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜி-பானில் இதைச் சரிசெய்தார்கள். வீட்டுக்கு இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பேங்க் ஆப் மேலே தன் பூட்டோடுதான் போகிறது.

மேக்செக்கா, முதல் அடுக்குப் பெட்டியா? ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லுதாவளே.

ஒன்றில்லை. மேக்செக் என்பது ஐஈஈஈ 802.1ஏஇ, 2006-ல் வந்த தரநிலை. ஈதர்நெட் சட்டகம் (ஃப்ரேம், லைனில் போகும் தரவுப் பொட்டலம்) ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறைத்து, முன்னால் ஒரு சீட்டும் பின்னால் 16 பைட் முத்திரையும் ஒட்டும். நடுவில் யாராவது ஒரு பிட்டை மாற்றினாலும் முத்திரை ஒத்துப்போகாது, சட்டகம் குப்பைக்குப் போகும். அனுப்புகிற மெஷின், வாங்குகிற மெஷின் இரண்டின் மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்கள்) மட்டும் திறந்தே இருக்கும்.

முதல் அடுக்கு என்றால் ஓடிஎன் என்ற ஒளியிழைப் போக்குவரத்து முறை. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.709 தரநிலைப்படி ஒரே அளவுச் சட்டகங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றின் வயிற்றில் உள்ளது அத்தனையையும் மறைத்துவிடுவார்கள். முகவரி தெரியாது, சட்டகத்தின் நீளம் தெரியாது. தரவு போகிறதா லைன் சும்மா இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. நெல் மூட்டைக்கு மூட்டை முத்திரை வைத்து அனுப்புவது மேக்செக் என்றால், இது லாரி முழுக்கத் தார்ப்பாய் போட்டு, காலி லாரியையும் அதே மாதிரி மூடி அனுப்புவது.

கணக்கையும் பாருங்கள். மேக்செக் ஒரு சட்டகத்துக்கு அதிகபட்சம் 32 பைட் கூட்டும். 1518 பைட் பெரிய சட்டகத்தில் அது ஏறக்குறைய 2 சதவீதம்தான், கண்டுகொள்ள வேண்டாம். 64 பைட் சின்னச் சட்டகம், இடைவெளியெல்லாம் சேர்த்து லைனில் 84 பைட் பிடிக்கும். மேக்செக்கோடு 116 ஆகிவிடும், அதாவது லைனின் கால்வாசிக்கு மேல் முத்திரைக்கே போய்விடுகிறது. ஐபி போன் அழைப்பு, சென்சார் தகவல் என்று சின்னச் சட்டகமாக ஓடுகிற இடத்தில் இதைப் பார்த்துத்தான் லைன் வாங்க வேண்டும். முதல் அடுக்கில் இந்தக் கூட்டல் இல்லை. சாவிப் பேச்சு, அதாவது இரண்டு முனையும் சாவியை ஒத்துக்கொள்ளும் பேச்சு, சட்டகத்தில் நிர்வாகத்துக்காக ஏற்கெனவே இருக்கிற பைட்டுகளில் போய்விடும்.

இத்தனை சொன்னாலும் நான் பெரும்பாலும் மேக்செக்கையே சொல்வேன். கொஞ்சம் நல்ல ஸ்விட்ச்களில் அது உள்ளேயே வருகிறது. சில சமயம் லைசென்ஸ் மட்டும் வாங்க வேண்டியிருக்கும். ஓடிஎன் பெட்டி என்றால் தனிப் பெட்டி, தனித் துட்டு, அதைத் தெரிந்த ஆளும் வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. மேக்செக் பொதுவாக ஒரு கேபிளின் இரண்டு முனைக்கு இடையில்தான். நடுவில் இன்னொரு ஸ்விட்ச் வந்தால் வழக்கமாக அங்கே பிரித்து மறுபடி மறைக்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் கிளைக்கு லீஸ்டு லைன் (வாடகை லைன்) எடுக்கிறீர்கள், நடுவில் சேவை நிறுவனத்தின் ஸ்விட்ச்கள் இருக்கின்றன. மேக்செக் சாவிப் பேச்சுக்கு ஒரு தனி மல்டிகாஸ்ட் (பலருக்கும் ஒன்றாக அனுப்பும்) முகவரி உண்டு. அந்த முகவரிக்கு வருவதை நடுவில் இருக்கும் ஸ்விட்ச் தனக்கு வந்ததாக எண்ணி விழுங்கிவிடும், மறுமுனைக்கு அனுப்பாது. இரண்டு பக்கமும் எல்லாம் சரியாக இருந்தும் லைன் எழும்பாது. சில தயாரிப்புகளில் அந்த முகவரியை மாற்றிக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். டார்க் ஃபைபராக, வெறும் இழையாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

வேகம் குறையுமா?

மென்பொருள் விபிஎன் பார்த்துப் பயந்தவர்கள் கேட்கும் கேள்வி. சில்லில் செய்தால் லைன் வேகத்துக்கே ஓடும். பயன்படுத்துவது ஏஇஎஸ்-ஐ ஓட்டும் முறைகளில் ஒன்றான ஏஇஎஸ்-ஜிசிஎம். அதில் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணை (கவுன்டரை) ஏஇஎஸ்-க்குள் விட்டுச் சாவி ஓட்டத்தைத் தரவு வருமுன்பே தயார் செய்யலாம், பல சர்க்யூட்டில் பக்கம் பக்கமாகவும் ஓட்டலாம். தாமதம் மைக்ரோ விநாடிக் கணக்கு. இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போகவே 5 மைக்ரோ விநாடி ஆகிறது. சென்னைக்குச் சுமார் 600 கிலோமீட்டர் என்று வைத்தால் 3 மில்லி விநாடி ஒளிக்கே போய்விடும். அதற்கு முன்னால் சில்லின் தாமதம் தூசி.

ஜிசிஎம்-இல் கவனிக்க வேண்டியது வேறு. ஒரே சாவியோடு ஒரே எண்ணை இரண்டு முறை பயன்படுத்தினால் பாதுகாப்பு மொத்தமாகச் சரிந்துவிடும். மேக்செக்கில் சட்டகத்துக்கு வரிசை எண் 32 பிட், அதாவது சுமார் 429 கோடி. கேட்க நிறையத்தான். 10 கிகாபிட் லைனில் சின்னச் சட்டகங்களாகவே ஓடினால் ஆறேழு நிமிடத்தில் தீர்ந்துவிடும், 100 கிகாபிட்டில் முக்கால் நிமிடம் தாங்காது. அதற்குள் சாவியை மாற்றியாக வேண்டும். இதனால்தான் 2013-ல் எக்ஸ்பிஎன் என்ற பெயரில் 64 பிட் எண்ணைக் கொண்டுவந்தார்கள். பெரிய லைன் எடுப்பவர்கள் "எக்ஸ்பிஎன் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விற்கிறவர் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சாவி யார்கிட்ட இருக்கும்?

சின்ன இடங்களில் இரண்டு ஸ்விட்சிலும் ஒரே மூலச் சாவியைக் கையால் போட்டுவிடுவோம். அதிலிருந்து ஓடும் சாவிகளை அவை தாங்களே உண்டாக்கி மாற்றிக்கொள்ளும். பெரிய இடங்களில் 802.1எக்ஸ் சர்வர் வழியாக வரும். கணித பலம் எல்லாம் அந்த மூலச் சாவியில் போய் நிற்கிறது. அதை ஸ்விட்ச் கான்ஃபிகரேஷன் காப்பியோடு எக்செல்லில் வைத்து மெயிலில் அனுப்புகிற இடங்கள் உண்டு. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். கேபிள் போட்ட ஆளாகிய என்னிடமும் அது இருக்கக் கூடாது. வேலை முடிந்த அன்றைக்கே உங்கள் ஆள் உட்கார்ந்து புதுச் சாவி போட வேண்டும்.

குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா எல்லாம் போச்சாமே?

1994-ல் பீட்டர் ஷோர் காட்டிய வழி, சாவி பரிமாற்றத்துக்குப் பயன்படும் ஆர்எஸ்ஏ வகைக் கணக்குகளை உடைக்கும். ஏஇஎஸ்-256-ஐ அது தொடாது. கையால் மூலச் சாவி போட்ட மேக்செக் லைனுக்கு இதில் பெரிய பயம் இல்லை. பரிமாற்றம் செய்யும் பெட்டிகளுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் புதுத் தரநிலைகளை வெளியிட்டது, இனி வாங்குவதில் அது வருமா என்று கேட்கலாம்.

லைன் அந்து அந்து வருது. அப்போ என்கிரிப்ஷன் என்ன ஆவும்?

இதைத்தான் யாருமே கேட்பதில்லை, கேட்டவருக்கு நன்றி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை நெடுக இழைகள் அறுந்ததை எல்லோரும் பார்த்தோம். அதுபோகச் சாதா நாளிலும் ஜேசிபி இருக்கிறது, எலி இருக்கிறது. மறையாக்கம் கேபிளைக் காப்பாற்றாது.

ஸ்விட்ச் அமைப்பில் இரண்டு வழி உண்டு. சாவி ஒத்துப்போகாவிட்டால் லைனே வேண்டாம் என்பது ஒன்று. முடிந்தால் மறை, முடியாவிட்டால் திறந்தே அனுப்பு என்பது இரண்டாவது. இரண்டாவதைப் போட்டிருந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. மறையாக்கம் எப்போது நின்றது என்பதும் தெரியாது. அவசரத்துக்கு ஸ்ப்ளைஸ் செய்ய வந்த ஆள் "சோதிக்க" நிறுத்திவிட்டு மறந்து போவதும் உண்டு. லைன் சரியானதும் ஒருவர் உட்கார்ந்து மறையாக்க கவுன்டர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். போர்ட் மிரர் (ஒரு போர்ட்டில் போவதை இன்னொன்றுக்கு நகல் எடுப்பது) போட்டுப் பார்த்துவிட்டு "தெரியுதே, என்கிரிப்ட் ஆகலையே" என்று பதறாதீர்கள். மிரர் பொதுவாகப் பிரித்த பிறகுள்ள தரவைத்தான் காட்டும்.

கூடங்குளத்துல 2019-ல வைரஸ் வந்துச்சே, இது இருந்திருந்தா தடுத்திருக்குமா?

தடுத்திருக்காது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த வலையமைப்பில் ஒரு கணினியில் தீநிரல் இருந்தது, அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு வலையமைப்பு அதிலிருந்து தனியாக இருந்தது என்று அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30-ல் அறிக்கை கொடுத்தது. தொற்று இருந்தது கணினிக்குள். கேபிளை எத்தனை மறைத்தாலும், கணினியில் உட்கார்ந்திருக்கும் நிரலுக்கு எல்லாம் பிரித்த பிறகுதான் போய்ச் சேரும். கேபிள் மறையாக்கத்தை விற்கிறவர் இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்போ நம்ம பக்கத்துல யாருக்குத்தான் இது வேணும்?

ஒயர் யார் கை படுகிற இடத்தில் போகிறது என்று பாருங்கள். ஒரே மாடிக்குள், உங்கள் பூட்டுக்குள் போனால் வேண்டாம். டவுனில் ஜவுளிக் கடைக்கோ பேட்டையில் அரிசி ஆலைக்கோ நான் இதைச் சொல்ல மாட்டேன். ரோட்டைத் தாண்டி இரண்டு கட்டடத்தை இணைக்கும் ஆஸ்பத்திரி இழை மின்கம்பத்தில் தொங்குகிறதா, அங்கே வேண்டும். கூட்டுறவு வங்கியின் தலைமையகத்துக்கும் டேட்டா இருக்கும் இடத்துக்கும் நடுவில் வாடகை இழையா, அங்கேயும் வேண்டும். நம் பக்கம் இழை பெரும்பாலும் தலைக்கு மேலேதான் போகிறது. ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட்டில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்குப் போடும் இழையிலேயே பெரும்பகுதி மின்கம்பங்களில்தான் போகிறது. ஏணி வைத்திருக்கிற யாரும் தொடலாம், காக்கிச் சட்டையும் இடுப்பில் கயிறும் இருந்தால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

காற்றாலைகள் தனிக் கதை. பணகுடி, இராதாபுரம் பக்கம் ஆளில்லாக் காட்டில் டர்பைனுக்கு டர்பைன் இழை ஓடுகிறது, மேலே சொன்ன மோட்பஸ் வகைப் பேச்சு அதில் போகிறது. ஒரு டர்பைனின் கதவை உடைத்தவன் மொத்தப் பண்ணையோடும் பேசலாம். இங்கே தரவைத் திருடுவதைவிட "நில், சுற்று" என்ற கட்டளையைப் போலியாக அனுப்புவதுதான் ஆபத்து. மேக்செக்கின் முத்திரை இழையில் நடக்கும் அந்தப் போலியைத் தடுக்கும். டர்பைனுக்குள் இருக்கும் ஸ்விட்சையே பிடித்தவனைத் தடுக்காது, அதற்கு ஒவ்வொரு டர்பைனையும் வலையமைப்பில் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

உயர்மின் கோபுரங்களின் உச்சியில் மின்னலைத் தாங்கப் போகும் தரைக்கம்பிக்குள் ஒளியிழை இருக்கும். கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்க வைக்கும் பாதுகாப்பு ரிலேக்கள், இரண்டு துணைமின் நிலையங்களிலிருந்தும் அதன் வழியே மின்னோட்ட அளவை ஒப்பிட்டுக்கொள்கின்றன. அங்கே தாமதம் மாறாமல், போகவர ஒன்றுபோல இருக்க வேண்டும். முதல் அடுக்குப் பெட்டி தன் விலைக்கு நியாயம் சொல்லும் இடம் இதுதான்.

சட்டப்படி ஏதும் சிக்கல் வருமா?

உங்கள் காம்பவுண்டுக்குள் உங்கள் சொந்தக் கேபிளில் போடுவதற்கு உரிமப் பிரச்சினை இல்லை. சேவை நிறுவனத்தின் லைனில் போடும்போது கேட்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்குக் கொடுத்த யூனிஃபைடு லைசென்ஸில், மொத்த மறையாக்க (பல்க் என்கிரிப்ஷன்) கருவிகளை நிறுவனம் தன் வலையமைப்பில் வைக்கக் கூடாது, குறிப்பிட்ட தேவைக்கு இணைக்கும் கருவிக்கு முன் ஒப்புதல் வேண்டும் என்ற வரி இருக்கிறது. கட்டுப்பாடு நிறுவனத்துக்குத்தான், ஆனால் லைன் உங்களுடையது. 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டமும் வந்திருக்கிறது. ஆகவே லைன் எடுக்கும்போதே "எங்கள் முனையில் மறையாக்கம் போடப் போகிறோம்" என்று எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

காலேஜ் லேபில் துட்டு இல்லாம இதைச் செஞ்சு பாக்க வழி இருக்கா அண்ணே?

இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 4.6-லிருந்து, அதாவது 2016 முதல், மேக்செக் உள்ளேயே இருக்கிறது. சில்லில் இல்லாமல் மென்பொருளில் ஓடும், பாடத்துக்கு அது போதும். பழைய கம்ப்யூட்டர் மூன்று எடுங்கள். இரண்டு ஓரத்தில், நடுவில் இருப்பதில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, ஒன்றில் வருவதை மற்றதில் கடத்தும் பிரிட்ஜ் ஆக்குங்கள். ஓரத்து இரண்டிலும் கையால் ஒரே சாவியைப் போட்டு, மறையாக்கத்தையும் (என்கிரிப்ட் ஆன்) இயக்கி பிங் அடியுங்கள். நடுவில், போகிற சட்டகங்களைக் காட்டும் வயர்ஷார்க் ஓட்டினால் ஒவ்வொரு சட்டகத்திலும் 88இ5 என்ற வகை எண் வரும், அதற்குப் பின்னால் வெறும் குப்பை. பிங் என்பதே தெரியாது, மேக் முகவரி இரண்டும் மட்டும் பளிச்சென்று தெரியும்.

அடுத்து, கையால் போட்ட சாவியை எடுத்துவிட்டு, டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற நிரல் வழியாகச் சாவிப் பேச்சை நடத்திப் பாருங்கள். லைன் எழும்பாது. லீஸ்டு லைனில் சொன்ன அதே பொறி, நடு பிரிட்ஜ் அந்த மல்டிகாஸ்ட் முகவரியை விழுங்குகிறது. எந்தத் தனி முகவரிகளை விழுங்காமல் கடத்த வேண்டும் என்று சொல்லும், பிரிட்ஜின் குரூப் ஃபார்வர்டு மாஸ்க் மதிப்பை 8 என்று மாற்றினால் எழும்பும்.